பறித்த அன்றே கொப்பரைக்கு: பச்சை ஹாப்ஸ் பீர் குறித்து ஓர் ஆய்வு

உலகில் காய்ச்சப்படும் பீரில் மிகப் பெரும்பகுதிக்குப் பருவம் என்று ஒன்று கிடையாது. மார்ச்சில் வாங்கினாலும் நவம்பரில் வாங்கினாலும் அதே நிறம், அதே கசப்பு, அதே நுரை. பெரிய ஆலைகள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பாடுபட்டது இந்த மாறாத தன்மைக்காகத்தான். அந்த ஒழுங்குக்குள் அடங்காத பீர் ஒன்று உண்டு. வட அரைக்கோளத்தில் ஆகஸ்ட் இறுதியில் ஹாப்ஸ் அறுவடை தொடங்கி செப்டம்பர் முடிவதற்குள் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். அந்த நான்கைந்து வாரங்களில், பறித்த ஹாப்ஸை உலர்த்தாமல், சில மணி நேரத்துக்குள் கொப்பரையில் போட்டுக் காய்ச்சுகிறார்கள். அக்டோபரில் அதைக் குடிக்கிறார்கள். குளிர்காலம் இறுகுவதற்குள் அது தீர்ந்துவிடுகிறது. தீர்ந்துவிட வேண்டும் என்பதும் அதன் இலக்கணம்.

இந்தப் பச்சை ஹாப்ஸ் பீரைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. ஹாப்ஸின் உண்மையான மணத்தை அறிய இதைவிட்டால் வழியில்லை என்கிறது ஒன்று. உலர்ந்த ஹாப்ஸில் கிடைக்காத எதுவும் இதில் இல்லை, இலையுதிர்கால வியாபாரத்துக்குக் கட்டிய கதை இது என்கிறது மற்றொன்று. செடி, வரலாறு, வேதியியல், காய்ச்சும் முறை, வணிகம் என ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தால், இரு தரப்பும் கேள்வியைத் தவறான இடத்தில் வைத்திருப்பது புலப்படும். இந்த பீர் மற்றதைவிட உயர்ந்ததா என்பது ரசனை சார்ந்த கேள்வி. தோட்டத்துக்கும் கொப்பரைக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒரு மூலப்பொருளாகவே மாற்றிய பீர் இது ஒன்றுதான் என்பதே இதன் தனி மதிப்பு. அதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொடியும் கூம்பும்

ஹாப்ஸ் பல ஆண்டு வாழும் கொடி. தாவரவியலார் ஹியூமுலஸ் லூபுலஸ் என்கிறார்கள். கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பீருக்கு வேண்டியது பெண் கொடியில் கொத்துக்கொத்தாகத் தொங்கும் கூம்புகள். குளிர்காலம் முழுவதும் வேர் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும். வசந்தத்தில் துளிர்விட்டு, கோடையின் உச்சத்தில் ஒரே நாளில் ஓரடி வரைகூட வளரும். குளிர்கால உறக்கமும் கோடையின் நீண்ட பகலும் இன்றி அது சரியாகப் பூக்காது. ஆகவே பூமத்திய ரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 35 முதல் 55 பாகை வரையிலான பட்டையே அதன் வீடு. ஜெர்மனியின் ஹாலர்டாவ், செக் நாட்டின் ஜாடெட்ஸ், இங்கிலாந்தின் கென்ட், அமெரிக்காவின் யாக்கிமா, நியூசிலாந்தின் மோட்டுவேகா ஆகிய எல்லாமே அந்தப் பட்டையில் உள்ளவை. இந்தியாவில் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் பயிரிட்டிருக்கிறார்கள். சமவெளியில் அது தேறாது.

அமெரிக்க ஹாப்ஸில் நான்கில் மூன்று பங்கு வாஷிங்டன் மாநிலத்தில், பெரும்பாலும் யாக்கிமா பள்ளத்தாக்கில் விளைகிறது. மழை மிகக் குறைந்த பூமி அது. காஸ்கேட் மலைத்தொடரின் பனி உருகிவரும் நீரைப் பாய்ச்சித்தான் சாகுபடி. பதினெட்டு அடி உயரத்தில் கம்பிப் பந்தல் கட்டி, ஒவ்வொரு வேருக்கும் மேலிருந்து கயிறு விட்டு, கொடியை ஏற்றுகிறார்கள். அந்தக் கயிறு தேங்காய் நாரில் திரித்தது. பெரும்பாலும் இலங்கையிலிருந்து கப்பலேறி வருகிறது. கொடியின் தண்டில் கொக்கி போன்ற நுண்மயிர்கள் உண்டு. நார்க்கயிற்றின் சொரசொரப்பு அவற்றுக்குப் பிடிமானம் கொடுக்கிறது. பல கிலோ எடையுள்ள ஈரக் கொடியைக் காற்றிலும் அறாமல் தாங்குகிறது. அறுவடையின்போது கொடியோடு சேர்த்து வெட்டப்பட்டு, கழிவோடு மட்கி மீண்டும் மண்ணுக்கே போகிறது. ஆண்டுதோறும் புதுக் கயிறு கட்டியாக வேண்டும் என்பதால், வடக்கே குளிர்நாட்டில் விளையும் இந்தப் பயிர் ஒவ்வோர் ஆண்டும் தென்னையை நம்பியே மேலேறுகிறது.

கூம்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். கட்டைவிரல் அளவு, வெளிர்ப்பச்சை, செதில் செதிலாக அடுக்கிய மெல்லிய மடல்கள். நடுத்தண்டு வரை பிளந்தால், மடல்களின் அடியில் மகரந்தம் போல மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும். அதுதான் லூபுலின். கசப்பைத் தரும் பிசினும் மணத்தைத் தரும் எண்ணெயும் அந்தப் பொடிக்குள்தான் இருக்கின்றன. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் விரல்கள் பிசுபிசுக்கும். காஸ்கேட் என்ற அமெரிக்க ரகமென்றால் கிரேப்ஃப்ரூட் தோலின் மணம் எழும். காய்ப்பதம் மாறாத கூம்பு ஈரமாக, மெத்தென்று அழுந்தி அப்படியே நிற்கும். புல் வாசம் அடிக்கும். பக்குவப்பட்டது காகிதம் போலச் சரசரத்து, அழுத்தி விட்டால் மீண்டு எழும்பும். பக்குவம் தப்பியதில் பல ரகங்களுக்கு வெங்காயமும் பூண்டும் கலந்த நெடி வந்துவிடுகிறது. ஆய்வகக் கருவிகள் வந்த பிறகும் விவசாயியும் பீர் காய்ச்சுபவரும் அறுவடை நாளைத் தீர்மானிக்கத் தோட்டத்தில் நின்று கூம்பைத் தேய்த்து முகர்ந்துதான் பார்க்கிறார்கள்.

உலர்த்தல் கொடுத்த பீர்

பச்சை ஹாப்ஸைப் புரிந்துகொள்ள, உலர்த்தியது ஏன் என்று முதலில் கேட்க வேண்டும். பறித்த கூம்பின் எடையில் 75 முதல் 80 விழுக்காடு தண்ணீர். மூட்டையாகக் கட்டினால் சில மணி நேரத்தில் உள்ளே சூடேறும். ஒரு நாள் தாண்டினால் கருத்து அழுகத் தொடங்கும். பீரோ ஆண்டு முழுவதும் வேண்டும். எனவே கூம்பை உலர்த்தி, ஈரத்தைப் பத்து விழுக்காட்டுக்குக் கீழே இறக்கி, இறுக்கிக் கட்டி வைப்பது என்பது பீரின் வரலாற்றில் ஒரு பெரிய கண்டுபிடிப்பு.

ஹாப்ஸ் பீரில் புகுந்த கதை பழையது. 822ஆம் ஆண்டில் வட பிரான்சின் கோர்பி மடத்துத் தலைவர் அடல்ஹார்ட் எழுதிய விதிமுறைகளிலேயே பீருக்காக ஹாப்ஸ் சேர்ப்பது பற்றிய குறிப்பு இருக்கிறது. ஹாப்ஸின் கசப்பு அமிலங்கள் பீரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களை அடக்குகின்றன. அதனால் ஹாப்ஸ் போட்ட பீர் நாள்பட நின்றது, தூரம் போனது. 1516ஆம் ஆண்டின் பவேரியச் சட்டம் பீருக்கு உரிய பொருள்களாகப் பார்லி, தண்ணீர், ஹாப்ஸ் ஆகிய மூன்றையே வரையறுத்தது. 1553இல் வந்த பவேரிய ஆணை, செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே பீர் காய்ச்சலாம் என்றது. கோடை வெப்பத்தில் பீர் கெட்டுவிடும் என்பதே காரணம். மார்ச்சில் காய்ச்சி, குளிர்ந்த நிலவறையில் வைத்து, கோடை கடந்து இலையுதிர்காலத்தில் குடித்து முடிக்கும் மெர்ட்சன் பீர் அந்த ஏற்பாட்டில் வளர்ந்தது. இலையுதிர்கால பீர் என்றதும் ஐரோப்பியருக்கு முதலில் நினைவு வருவது இதுதான். அது சேமிப்பின் பீர். பச்சை ஹாப்ஸ் பீர் அதே பருவத்தில் வந்தாலும் நேர் எதிர்த் திசையில் நிற்கிறது.

சேமிப்பின் எல்லையைக் காட்டும் பீர் சென்னைத் துறைமுகத்துக்கே வந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து லண்டன் போ பகுதியின் ஹாட்சன் ஆலை காய்ச்சிய வெளிர் பீர், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் மதராசுக்கும் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் வந்தது. இங்கிலாந்தில் புதிய ஹாப்ஸ் கைக்கு வந்தவுடன் காய்ச்சிய ‘அக்டோபர் பீர்’ என்ற கனத்த பீரின் வழிவந்தது அது. உலர்ந்த ஹாப்ஸைத் தாராளமாகப் போட்டதால், மாதக்கணக்கான கடல் பயணத்தையும் வெப்பத்தையும் தாங்கியது. பின்னாளில் இந்தியா பேல் ஏல் என்று உலகெங்கும் பெயர் பெற்ற வகையின் தொடக்கம் அதுவே. அதன் பெருமை முழுவதும் பயணம் தாங்குவதில் இருந்தது. இன்று அதே வகையின் சாயலில் காய்ச்சப்படும் பச்சை ஹாப்ஸ் பீரோ பயணத்தை அறவே மறுக்கிறது.

உலர்த்தும் தொழில் நிலத்தின் முகத்தையே மாற்றியது. கென்ட்டில் கூம்புக் கூரையும் வெள்ளை மூடியும் கொண்ட வட்டமான உலர்கூடங்கள் வயல்தோறும் எழுந்தன. 1870களின் இறுதியில் இங்கிலாந்தின் ஹாப்ஸ் பரப்பு 70,000 ஏக்கரைத் தாண்டியிருந்தது. கிழக்கு லண்டனின் ஏழைக் குடும்பங்கள் ஆண்டுதோறும் பிள்ளைகுட்டிகளோடு ரயிலேறி வந்து, குடிசைகளில் தங்கி, கூடை நிறையக் கூம்பு பறித்தன. அவர்களுக்குக் கிடைத்த ஒரே வெளியூர்ப் பயணம் பெரும்பாலும் அதுதான். ஜார்ஜ் ஆர்வெல் 1931 இலையுதிர்காலத்தில் அங்கே கூலிக்குப் பறித்து, அந்த வேலையின் கடுமையையும் அற்பக் கூலியையும் கட்டுரையாக எழுதினார். பிறகு இயந்திரங்கள் வந்தன, கொடிகளை வாட்டும் நோய் வந்தது, இறக்குமதி பெருகியது, தோட்டங்கள் சுருங்கின. உலர்கூடங்கள் பல இன்று வீடுகளாகிவிட்டன. செக் நாட்டு ஜாடெட்ஸில் ஹாப்ஸ் வயல்களும் உலர்கூடங்களும் கிடங்குகளும் சேர்ந்த நிலப்பரப்பை 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. உலர்த்தலை இழிவாகப் பேசி பச்சை ஹாப்ஸை உயர்த்த வேண்டியதில்லை என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன்.

சூட்டில் போவதும் நிற்பதும்

அறுவடையான கூம்புகளை உலர்கூடத்தில் இரண்டு மூன்றடி ஆழத்துக்குப் பரப்பி, கீழிருந்து 50 முதல் 65 பாகை செல்சியஸ் வரை வெப்பக்காற்று செலுத்துகிறார்கள். பல மணி நேரம் கழித்து வெளியே வரும் கூம்பில் கசப்பு அமிலங்கள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கின்றன. எண்ணெய்களின் கதை வேறு. ஹாப்ஸ் எண்ணெயில் மிர்சீன், ஹியூமுலீன், கேரியோஃபிலீன், லினலூல், ஜெரானியால் எனப் பற்பல பொருள்கள் உண்டு. பல அமெரிக்க ரகங்களில் மிகுதியாக இருப்பது மிர்சீன். பிசின், கொடி, பச்சிலை கலந்த மணம் அதனுடையது. எளிதில் ஆவியாவதும் அதுவே. அறுத்த புல்லுக்கு அதன் வாசத்தைத் தரும் ஹெக்ஸனால் வகைப் பொருள்களும் சூட்டில் நிற்பதில்லை.

ஆக, பச்சைக் கூம்பிலுள்ள சில மணங்கள் உலர்ந்ததில் இல்லை என்பது உண்மை. அதே அளவுக்கு, உலர்த்துவதால் கூம்பு ஏழையாகிவிடுவதில்லை என்பதும் உண்மை. தண்ணீர் போனதும் மணம் செறிகிறது. புல் வாசம் விலகியதும் மலர், பழ மணங்கள் துலங்குகின்றன. இஞ்சியும் சுக்கும் ஒரே கிழங்கு என்றாலும் ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாதது போலத்தான் இதுவும். சுக்கு கெட்டுப்போன இஞ்சியும் இல்லை. இஞ்சி முதிராத சுக்கும் இல்லை. நன்கு காய்ச்சிய பச்சை ஹாப்ஸ் பீரில் வெள்ளரி, முலாம்பழம், கிள்ளிய தண்டின் பசுமை, மெல்லிய தேன் என்ற வரிசையில் மணங்கள் வருகின்றன. நாக்கில் கசப்பு வழக்கத்தைவிட மென்மையாக அமர்கிறது. மோசமாகக் காய்ச்சினால் தழைக் கஷாயம்போல ஆகிவிடுகிறது. கூம்பின் மடல்களிலுள்ள பச்சையமும் துவர்ப்புப் பொருள்களும் அளவு மீறி இறங்குவதே அதற்குக் காரணம்.

கொப்பரையருகே

காய்ச்சுபவரின் சங்கடங்கள் கணக்கிலேயே தொடங்குகின்றன. 80 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ பச்சைக் கூம்பில் திடப்பொருள் 20 கிலோ. அதைப் பத்து விழுக்காடு ஈரத்துக்கு உலர்த்தினால் கிடைப்பது 22 கிலோ சொச்சம். அதாவது ஒரு கிலோ உலர்ந்த ஹாப்ஸ் போடும் இடத்தில் குறைந்தது நாலரைக் கிலோ பச்சை ஹாப்ஸ் வேண்டும். அனுபவசாலிகள் ஐந்து முதல் எட்டு மடங்கு வரை போடுகிறார்கள். ஆயிரம் லிட்டர் பீருக்கு 5 கிலோ உலர்ந்த ஹாப்ஸ் போதுமென்றால், பச்சையாக 25 முதல் 40 கிலோ. அந்த 40 கிலோவில் 30 கிலோவுக்கு மேல் வெறும் தண்ணீர். அது மால்ட் (முளைகட்டிய பார்லி) சாற்றை நீர்க்கச் செய்யும். வெந்த கூம்புகளோ பஞ்சுபோல் சாற்றை உறிஞ்சிக்கொண்டு, கணிசமான பீரைத் தம்மோடு கொண்டுபோய்விடும்.

இன்றைய ஆலைகள் பெரும்பாலும் ஹாப்ஸை அரைத்து அழுத்திய குருணையாகவே பயன்படுத்துகின்றன. குழாய்களும் பம்புகளும் அதற்கேற்பவே அமைந்தவை. முழுக் கூம்புகளை வண்டி வண்டியாகக் கொட்டினால் எல்லாம் அடைத்துக்கொள்ளும். ஆகவே மால்ட் வடிகட்டும் தொட்டியைக் கழுவி, அதில் கூம்புகளை நிரப்பி, கொதித்த சாற்றை அதன் வழியே பாய்ச்சுகிறார்கள். வலைப்பைகளில் கட்டிக் கொப்பரையில் இறக்குவோரும் உண்டு. நொதிக்கும் தொட்டியிலேயே குளிராகச் சேர்ப்போரும் இருக்கிறார்கள்.

கசப்பை அளந்து போடுவது இன்னொரு சிக்கல். உலர்ந்த ஹாப்ஸ் பொதியில் அமில அளவு அச்சிட்டே வரும். வயலிலிருந்து நேராக வந்த கூம்புக்கு அந்தச் சீட்டு கிடையாது. ஆய்வக முடிவுக்குக் காத்திருந்தால் கூம்பு கெடும். எனவே பலர் கசப்புக்கு அளவு தெரிந்த உலர்ந்த ஹாப்ஸைத் தொடக்கத்தில் போட்டு, மணத்துக்குப் பச்சை ஹாப்ஸைக் கொதி அடங்கும் தறுவாயில் சேர்க்கிறார்கள். கலப்படம் என்று இதைச் சிலர் குறை சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொன்றையும் அதற்கு வல்ல வேலையில் வைப்பது கைத்திறன்தான்.

இந்தச் சங்கடங்களுக்கெல்லாம் அடியில் இருப்பது நேரம். அறுவடை இயந்திரம் ஓடும் நேரத்தை ஆலை தீர்மானிக்க முடியாது. மழையும் பக்குவமும் தீர்மானிக்கின்றன. கூம்பு வந்து சேரும்போது மால்ட் சாறு கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். லாரி தோட்டத்தை விட்டுக் கிளம்பிவிட்டது என்ற தகவல் வந்ததும் மால்ட்டை ஊறவைக்கிறார்கள்; நள்ளிரவானாலும் வேலை தொடங்குகிறது. ஆண்டின் மற்ற நாள்களில் விவசாயி ஆலையின் கெடுவுக்கு ஓடுவார். இந்தச் சில வாரங்களில் ஆலை விவசாயியின் கெடுவுக்கு ஓடுகிறது.

டிவைசஸிலிருந்து உலகெங்கும்

தோட்டத்தருகே வாழ்ந்தவர்கள் பச்சைக் கூம்பைப் பீரில் போட்டுப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? இருந்தாலும் சந்தைக்கு வந்த நவீன பச்சை ஹாப்ஸ் பீர்களின் முன்னோடியாகப் பொதுவாகச் சொல்லப்படுவது, இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் டிவைசஸ் ஊரிலுள்ள வாட்வொர்த் ஆலை 1992இல் காய்ச்சிய ‘மால்ட் அண்ட் ஹாப்ஸ்’. தலைமைக் காய்ச்சுநர் டிரெவர் ஹோம்ஸ் அதை உருவாக்கினார். ஹாப்ஸ் வணிகர் ஜெரார்ட் லெமன்ஸ் இந்தச் செய்தியைக் கலிஃபோர்னியாவின் சிகோ நகரிலுள்ள சியரா நெவாடா ஆலையின் தலைமைக் காய்ச்சுநர் ஸ்டீவ் டிரெஸ்லரிடம் சொன்னார். 1996இல் யாக்கிமாவின் காஸ்கேட், சென்டெனியல் கூம்புகள் லாரியில் ஏறி, 900 கிலோமீட்டருக்கு மேல் ஓடி சிகோவுக்கு வந்தன. ‘ஹார்வெஸ்ட் ஏல்’ பிறந்தது. அமெரிக்காவின் இன்றைய பச்சை ஹாப்ஸ் மரபு அதிலிருந்து கிளைத்ததே. அந்த காஸ்கேட் ரகம் ஓரிகன் மாநிலத்து அரசு ஆராய்ச்சித் திட்டத்தில் உருவாகி 1972இல் வெளியானது. அமெரிக்க பீரின் மணத்தையே மாற்றிய ரகம் அது.

அதன்பின் வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களில் இது ஒரு பருவ வழக்கமாகவே வேரூன்றியது. ஓரிகனின் டெஷூட்ஸ் ஆலையின் ‘ஹாப் டிரிப்’, ஹுட் ரிவர் நகரின் டபுள் மவுண்டன் ஆலையின் ‘கில்லர் கிரீன்’, ‘கில்லர் ரெட்’ ஆகியவை ஆண்டுதோறும் எதிர்பார்க்கப்படுபவை. யாக்கிமாவில் அக்டோபர் தொடக்கத்தில் பச்சை ஹாப்ஸ் பீர்களுக்கென்றே திருவிழா நடக்கிறது. யாக்கிமாவை அடுத்த மாக்ஸியில் 2013இல் திறந்த பேல் பிரேக்கர் ஆலையின் கதை இந்த வழக்கத்தின் சாரத்தைச் சொல்லும். 1932 முதல் அங்கே ஹாப்ஸ் பயிரிட்டுவரும் லாஃப்டஸ் குடும்பத்தின் வழித்தோன்றல்கள், தங்கள் வயலின் நடுவிலேயே ஆலையைக் கட்டினார்கள். அங்கே லாரிப் பயணம் என்பதே ஏறக்குறைய இல்லாமல் போகிறது.

கென்ட்டில் இந்த பீர் இன்னொரு வேலையும் செய்கிறது. சுருங்கிப்போன ஹாப்ஸ் தொழிலுக்கு அது மறுபடி முகம் கொடுக்கிறது. கென்ட்டில் விளைந்த கூம்பாக இருக்க வேண்டும், பறித்த 12 மணி நேரத்துக்குள் கொப்பரைக்குள் போக வேண்டும் என்று அங்குள்ள ஆலைகள் தமக்குள் விதி வகுத்துக்கொண்டு, செப்டம்பர் இறுதியில் இரண்டு வாரம் கொண்டாடுகின்றன. பெல்ஜியத்தின் ஹாப்ஸ் ஊரான போபரிங்கேயில் மூன்றாண்டுக்கு ஒருமுறை செப்டம்பரில் ஹாப்ஸ் ஊர்வலம் நடக்கிறது. அந்த வட்டாரத்தின் டி பிளுக்கர் ஆலை தன் தோட்டத்துக் கூம்பைப் பச்சையாகவே போட்டு ஆண்டுக்கொரு பீர் காய்ச்சுகிறது. தென் அரைக்கோளத்தில் நாள்காட்டி புரண்டுவிடும். நியூசிலாந்தின் நெல்சன் வட்டாரத்திலும் டாஸ்மேனியாவிலும் அறுவடை பிப்ரவரி இறுதியில் தொடங்குகிறது. அங்கே இலையுதிர்காலம் என்பது மார்ச்சும் ஏப்ரலும்தான்.

ஜப்பான் வேறொரு வழி கண்டது. இவாத்தே மாகாணத்தின் டோனோ ஊரில் பறித்த கூம்புகளைக் கிரின் நிறுவனம் உலர்த்தாமல் உறையவைத்துவிடுகிறது. அதைக் கொண்டு காய்ச்சிய ‘இச்சிபான்’ வகை பீர் 2004 முதல் இலையுதிர்காலம் முடியும் தறுவாயில் நாடெங்கும் கிடைக்கிறது. ஓரிகனில் போர்ட்லாந்தின் பிரேக்சைட் ஆலை திரவ நைட்ரஜனில் பச்சைக் கூம்புகளை உறையவைத்து நொறுக்கிப் பயன்படுத்துகிறது. மடல்கள் உடைந்து லூபுலின் எளிதில் வெளிப்படுவதால், குறைந்த அளவிலேயே நிறைய மணம் இறங்குகிறது.

எது புதியது?

இவ்வளவு பரவிய பிறகு லேபிளில் குழப்பம் புகுந்தது இயல்பே. ‘ஃப்ரெஷ்’ என்று எழுதிய பாட்டிலில் உலர்த்தாத ஹாப்ஸும் இருக்கலாம், அந்த ஆண்டின் முதல் உலர்ந்த ஹாப்ஸும் இருக்கலாம். சியரா நெவாடா இதைத் தெளிவாகவே பிரித்துச் சொல்கிறது: உலர்த்தாதது ‘வெட்’, உலர்த்தி ஏழு நாளுக்குள் கொப்பரைக்கு வந்தது ‘ஃப்ரெஷ்’. 1981 முதல் அது காய்ச்சிவரும் ‘செலிப்ரேஷன்’ பருவத்தின் முதல் உலர்ந்த ஹாப்ஸில் செய்தது. 2008இல் நியூசிலாந்திலிருந்து தருவித்துக் காய்ச்சிய பீரும் புதிதாக உலர்த்திய ஹாப்ஸில் செய்ததே. ஆனால் எல்லா ஆலைகளும் இந்த வரையறையைப் பின்பற்றுவதில்லை. குடிப்பவர் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று அறிய வழியில்லாத இடத்தில், எதிர்ப்பாளர்களின் ‘வெறும் விற்பனை உத்தி’ என்ற குற்றச்சாட்டு வலுப்பெறுகிறது.

அவர்களின் மற்ற வாதங்களையும் எடைபோட வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு சுவை மாறுகிறது என்கிறார்கள். மாறத்தான் செய்யும், ஒரு வயலின் ஒரு நாள் விளைச்சலைக் குடிக்கும்போது மாறாமலிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். செலவு அதிகம் என்கிறார்கள். மறுக்க முடியாது: கூடுதல் கூம்பு, வீணாகும் சாறு, இரவு வேலை, எல்லாமே விலையில் ஏறுகின்றன. பலவற்றில் புல் வாசம் தூக்கலாக இருக்கிறது என்பதும் உண்மையே. அது காய்ச்சுபவரின் பிழை, முறையின் பிழை இல்லை. தண்ணீரே பெரும்பங்காக உள்ள சரக்கை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் லாரியில் கொண்டுபோவதும், விமானத்தில் அனுப்புவதும் எரிபொருளை வீணாக்குவது என்ற வாதம்தான் எனக்கு மிக வலுவானதாகப் படுகிறது. அருகாமையே இந்த பீரின் அறம் என்றால், விமானத்தில் பறந்த பச்சைக் கூம்பு அந்த அறத்தை மீறுகிறது. உறையவைத்த ஹாப்ஸ் அப்படியில்லை. தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் மறைக்காமல், பச்சையின் மணத்தை அது காக்கிறது. எந்நாளும் கிடைக்கும் சரக்காக அதை மாற்றிவிடாத வரையில், பச்சை ஹாப்ஸின் குடும்பத்தில் அதற்கு இடம் கொடுக்கலாம்.

பருவமே தடுமாறும்போது

அறுவடையை நம்பிய பீருக்கு அறுவடையின் துயரங்களிலும் பங்குண்டு. 2023 அக்டோபரில் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, ஐரோப்பாவின் முக்கிய ஹாப்ஸ் வட்டாரங்களில் 1994க்குப் பின் கூம்பு ஏறத்தாழ 20 நாள் முன்கூட்டியே பக்குவமாகிறது என்று காட்டியது. 2050க்குள் விளைச்சல் 4 முதல் 18 விழுக்காடும், கசப்பு அமிலம் 20 முதல் 31 விழுக்காடும் குறையலாம் என்று அது கணித்தது. பகல் நீண்டிருக்கும் காலத்துக்கும் கூம்பு பக்குவமாகும் காலத்துக்கும் உள்ள பழைய ஒத்திசைவு நழுவுகிறது. அமெரிக்காவின் வடமேற்கில் 2020 செப்டம்பரில், அறுவடையின் நடுவே, காட்டுத்தீப் புகை தோட்டங்களை மூடியது. பல பேரின் அறுவடைகள் கலந்த உலர்ந்த ஹாப்ஸில் ஒரு வயலின் கெடுதி கரைந்துவிடக்கூடும். ஒரே வயலிலிருந்து வரும் பச்சை ஹாப்ஸில் ஒளிக்க இடமில்லை.

சந்தையும் தோட்டத்தை ஆட்டுகிறது. 2021இல் 60,000 ஏக்கரைத் தொட்ட அமெரிக்க ஹாப்ஸ் பரப்பு, கிடங்குகளில் சரக்குத் தேங்கியதால் 2024இல் சுமார் 45,000 ஏக்கராகச் சுருங்கியது. கொடிகளைப் பிடுங்கிய விவசாயிகளின் நட்டத்தைப் பச்சை ஹாப்ஸ் பீர் ஈடுகட்டிவிடாது. விளைச்சலில் மிகச் சிறு பகுதியே அதற்குப் போகிறது. அது செய்யக்கூடியது வேறு. ஹாப்ஸ் என்பது ஒரு பொதியும் ஓர் எண்ணும் மட்டுமில்லை, குறிப்பிட்ட மண்ணில் குறிப்பிட்ட குடும்பம் வளர்த்த பயிர் என்பதை ஆண்டுக்கொருமுறை குடிப்பவரின் கண்முன் நிறுத்துகிறது. விவசாயியின் பெயர் மறைந்த தொழிலில் அது சிறிய காரியமில்லை.

செய்ய வேண்டியவை

இந்தப் பரிசீலனையிலிருந்து சில முடிவுகள் தெளிவாக எழுகின்றன. பச்சை ஹாப்ஸில் மட்டுமே உள்ள மணங்கள் உண்டு. வேதியியல் அதை ஆதரிக்கிறது. உலர்ந்த ஹாப்ஸில் மட்டுமே துலங்கும் மணங்களும் உண்டு. ஆகவே இரண்டில் எது மேல் என்ற வழக்கைக் கைவிடலாம். இந்த பீரின் தனித்தன்மை அருகாமையிலும் காலத்திலும் இருப்பதால், அவற்றைச் சரிபார்க்கும் வழியைக் குடிப்பவருக்குத் தர வேண்டும். கென்ட்டின் 12 மணி நேர விதியும் சியரா நெவாடாவின் பிரிவினையும் அதற்கு முன்மாதிரிகள்.

ஒவ்வொரு பாட்டிலிலும் நான்கு செய்திகள் அச்சாக வேண்டும்: ஹாப்ஸின் ரகம், விளைந்த தோட்டம், பறித்த நாள், பறித்ததற்கும் கொப்பரைக்கும் இடையே கழிந்த மணி நேரம். உறையவைத்திருந்தால் அதையும், உலர்ந்த ஹாப்ஸ் சேர்த்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இது எந்த ஆலைக்கும் பெரிய சுமையாகாது. எல்லாமே ஆலையின் பதிவேட்டில் ஏற்கெனவே இருப்பவை. அந்த நான்கு வரிகளைத் துணிந்து எழுதும் ஆலை, தான் விற்பது ஒரு வயலின் ஒரு நாள் என்பதற்குப் பொறுப்பேற்கிறது. எழுதத் தயங்கும் ஆலையிடம் பச்சை ஹாப்ஸ் என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.